பையில் எத்தனை நிறைகல்? சேலத்து வியாபாரிகளுக்கான ஆறு வார வேத வகுப்பு

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு திருச்சபைக் கூடத்தில், சனிக்கிழமை மாலை 6.30 முதல் 8.30 வரை, ஆறு வாரம். கட்டணம் 600 ரூபாய். பாடக் குறிப்பு நோட்டு, இடைவேளையில் தட்டுவடை செட், கடைசி வாரம் ஏற்காடு போய்வரும் வேன் எல்லாம் அதற்குள் அடக்கம். வேதத்தின்படி வியாபாரம் என்றதும் பாட்டு, சாட்சி, காணிக்கைப் பை என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் ஐந்தாம் வாரத்துக்கு மட்டும் பொருந்தும். மற்ற வாரங்களில் மேசைமேல் இருப்பது தராசும் கூலி நோட்டும் பற்று வரவுப் புத்தகமும்தான். கொலுசுப் பட்டறை, மளிகை மொத்த வியாபாரம், ஜவுளி, மெஸ் என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் முதல் இரண்டு வாரமும் நான்காம் வாரமும் கொடுத்த காசுக்கு மேலேயே தருகின்றன.

வகுப்பு முழுவதும் ஒரே வசனத்தில் தொங்குகிறது: உபாகமம் 25:13. பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம் என்பது. பிரசங்க பீடத்தில் இது வழக்கமாக ‘எடை குறைக்காதே’ என்று சுருங்கிவிடும். எடை குறைக்க ஒரு கல் போதுமே, எதற்கு இரண்டு என்று நடத்துகிற ஐயா கேட்கிறார். பெரிய கல் வாங்கும்போது வைக்க, சின்னது விற்கும்போது வைக்க. ஆமோஸ் 8:5இல் மரக்காலைக் குறைத்துச் சேக்கலைப் பெருக்குகிறவர்களும் இதையேதான் செய்தார்கள். சேக்கல் அந்தக் காலத்தில் நாணயம் அல்ல, சுமார் 11 கிராம் நிறைகல். வாங்குகிறவன் கொண்டுவரும் வெள்ளியை அதை வைத்துத்தான் நிறுப்பார்கள். தானியம் அளக்கும் மரக்கால் சின்னது, வெள்ளி நிறுக்கும் கல் பெரிது. வெள்ளியை நிறுத்தே பிழைக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதிலிருந்து வகுப்பு பிடிக்கும் இழைதான் இதன் பலம். சேலத்தில் பல தொழில்களில் தராசு விற்கிறவர் கையில் இல்லை, வாங்குகிறவர் கையில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் விவசாயிக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைதான் எடையும், மாவுச்சத்தைக் குறிக்கும் பாயிண்டும் சொல்கிறது. கட்டி வெள்ளி கொடுக்கிற வியாபாரிதான் திரும்பி வரும் கொலுசை நிறுக்கிறார். மலைமேல் காபிப் பழம் பறிக்கிறவரின் கூடையை எஸ்டேட் மேஸ்திரி நிறுக்கிறார். ‘வாடிக்கையாளரை ஏமாற்றாதே’ என்ற போதனை இவர்களில் ஒருவரையும் தொடாது. இரண்டு கல் வசனம் மூவரையும் தொடும்.

முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் முழுக்க தராசுச் சோதனை. எலக்ட்ரானிக் தராசை மேசையில் வைத்து நான்கு கால்களையும் திருகி, நீர்மட்டக் குமிழ் வளையத்தின் நடுவில் நிற்கும்படி செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பூஜ்ஜியம் வைத்த பிறகே சோதனை. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எடைக்கல்லை, அதாவது 30 கிலோ தராசு என்றால் 10 கிலோவை, நடுவிலும் பிறகு நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் எண் மாறினால் தட்டு எங்கோ முட்டுகிறது, அல்லது உள்ளே எடையை உணரும் லோடு செல் அடிவாங்கியிருக்கிறது. கல்லை எடுத்ததும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாமல் 5 கிராம் நின்றால், அடுத்த வாடிக்கையாளர் அந்த 5 கிராமுக்கும் காசு கொடுக்கிறார்.

பலருக்குப் புதிதாக இருந்தது தராசின் பெயர்ப் பலகையில் உள்ள குறைந்தபட்ச எடை. கடைகளில் உள்ள 30 கிலோ, 5 கிராம் வகைத் தராசில் 100 கிராமுக்குக் கீழே நிறுக்கக் கூடாது. அதில் 25 கிராம் ஏலக்காய் நிறுத்தால் ஒரு புள்ளி, அதாவது 5 கிராம், தவறினாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏலக்காய், கிராம்பு விற்கிற கடைக்குத் தனிச் சின்னத் தராசு வேண்டும். முத்திரைக்கும் கணக்கு உண்டு: எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, இரும்பு எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை. சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்’ என்ற நீதிமொழிகள் 11:1ஐப் படித்துவிட்டு, முத்திரை ஆய்வாளர் வரும்வரை காத்திருக்காமல் நாமே தராசை எடுத்துப் போக வேண்டும் என்கிறார் ஐயா. பழைய மொழிபெயர்ப்பின் அந்த ‘சுமுத்திரை’ இந்த ஓர் இடத்தில் எந்தப் புதிய சொல்லையும்விட நன்றாகப் பொருந்துகிறது.

கிழங்குப் பாயிண்டைத் தொட்டது துணிச்சல்தான், ஆலைக்காரர்களும் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. மாதிரிக் கிழங்கை வெளியே நிறுத்துவிட்டு, தண்ணீருக்குள் மூழ்கவிட்டு மறுபடி நிறுப்பதுதான் முறை. மாவுச்சத்து அதிகமிருந்தால் தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும். தவறு நுழையும் வழிகளை வரிசையாகச் சொன்னார்கள். மண் ஒட்டிய கிழங்கைக் கழுவாமல் போடுவது ஒன்று. மாதிரிக்கு மெலிந்ததாகவே பொறுக்குவது இன்னொன்று. கிழங்கில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தண்ணீருக்குள் எடை குறைந்து காட்டும், பாயிண்ட் விழும். லாரியை ஆலை வாசலில் இரண்டு நாள் நிறுத்திவைத்தால் கிழங்கே கெட ஆரம்பித்துவிடும். டன்னுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 டன் லோடில் ஒரு பாயிண்ட் குறைத்து எழுதுவது 3,000 ரூபாய். நோட்டில் உள்ள பரிந்துரை எளிது: மாதிரியைப் பாதி விவசாயி எடுக்கட்டும், பாதி ஆலை எடுக்கட்டும், இரண்டு எடையையும் சீட்டில் எழுதுங்கள், இறுதிப் பாயிண்டை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

கொலுசுக்கும் அதே கண்ணோட்டம். கட்டி கொடுக்கும் தராசிலேயே கொலுசை வாங்க வேண்டும். சேதாரம் இத்தனை கிராம் என்பது கட்டி கைமாறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அரத்தூளும் பட்டறையில் கூட்டி அள்ளும் தூளும் யாருக்கு என்பதும் அதே சீட்டில். பற்றவைப்பால் டச்சு (வெள்ளியின் சுத்தம்) இறங்குவது தொழிலின் இயல்பு. ஆனால் உருக்கிப் பார்த்த பிறகு ‘டச்சு குறைவு’ என்று கூலியில் கை வைப்பதானால், உருக்குகிற மாதிரியைப் பட்டறைக்காரர் முன்னிலையில் எடுத்திருக்க வேண்டும். இந்த அரை மணி நேரத்தில் பேசியதை அச்சடித்து, வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் வீடு வீடாகக் கொடுக்கலாம்.

இரண்டாம் வாரம் கூலி. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கொடு என்கிறது உபாகமம் 24:15. இதை நடத்துகிற நேரம் சனிக்கிழமை மாலை ஏழு மணி! பட்டறைகளில் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகிற நேரம். வகுப்பு நடுவே கூடம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. எதற்கு அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினால் பாடத்துக்கும் நல்லது, கூலிக்காரர்களுக்கும் நல்லது.

பாடம் என்னவோ அருமை. மையம் முன்பணம். 4,500 ரூபாய் வாரக்கூலிக்காரருக்கு 30,000 முன்பணம் கொடுத்து வாரம் 500 பிடித்தால் 60 வாரம் ஆகும். அதற்குள் ஒரு தீபாவளி வரும், இன்னொரு 10,000 ஏறும், கடன் தீராது, ஆள் நகர முடியாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கண்வைத்திருப்பது சரியாக இந்த நிலையைத்தான். யாத்திராகமம் 22:26-27இல் ஈடாக வாங்கிய வஸ்திரத்தைப் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது, அது இல்லாமல் அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. ஏடிஎம் கார்டையும் ரேஷன் கார்டையும் வாங்கி மேசை டிராயரில் போடுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி நேராகப் போய்ச் சேர்ந்தது. நோட்டில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது: முன்பணத் தொகை, வாரப் பிடித்தம், மீதி, இருவர் கையெழுத்து, இரண்டு பிரதி. கீழே ஒரு வரி: ‘மீதி நின்றாலும் வேலையை விட்டுப் போகத் தடை இல்லை.’ அந்த வரிக்கு எதிர்ப்பு வந்தது. ஐயா அதை எடுக்கவில்லை.

விட்டுப்போனது இரண்டு. கூலி எவ்வளவு என்ற கேள்வியே வரவில்லை, எப்போது கொடுப்பது என்பது மட்டும்தான். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலி, இருவரும் ஒப்புக்கொண்டதாகவே இருந்தாலும் நியாயமாகாது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே சுற்றுமடலில் எழுதிவிட்டார். கத்தோலிக்கப் பங்கிலிருந்து வந்தவர்கள் அதை எடுத்துச் சொன்னபோது ‘நேரமில்லை’ என்று பதில். சபை வேறாக இருக்கலாம், கூலி கணக்கு ஒன்றுதானே. இன்னொன்று, ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22அ பிரிவு வந்துவிட்டது. வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 4:1ஐ நடத்துகிறவர்கள் ஒரு ஸ்டூலைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் விலையும் பேச்சும். சுமார். ‘கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்ட பின்போ மெச்சிக்கொள்வான்’ என்ற நீதிமொழிகள் 20:14ஐ வைத்து வாங்குகிறவரின் பொய்யைத் தொட்டது நன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் கடைக்காரர்கள் பேரத்தை விட்டு ஒரே விலை வைத்ததையும், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைக்குச் சரக்கு கிடைக்கும் என்று ஊர் நம்பியதையும் சொன்னார்கள். லீ பஜார் மொத்தக் கடைகளில் அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மூட்டை அளவுக்கு ஏற்ற தள்ளுபடியை எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிப் பேரம் அடங்கிவிடும். லஞ்சத்துக்குக் கிடைத்த பதில் ‘ஜெபியுங்கள்’. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறவர் என்ன தேதியில் விண்ணப்பிப்பது, எந்த ரசீதை வாங்கிவைப்பது, யாருக்கு மேல்முறையீடு என்று ஒரு பக்கமாவது இருந்திருக்க வேண்டும்.

நான்காம் வாரம் கடன். இங்கேதான் இரண்டு கல் காலண்டராக மாறுகிறது: தனக்கு வரவேண்டியதை 30 நாளில் கேட்கிறவர், தான் கொடுக்கவேண்டியதை 90 நாள் இழுக்கிறார். செய்யச் சொன்ன பயிற்சி எளிது, ஆனால் வலிக்கும். நோட்டில் இடது பக்கம் வரவேண்டியவை, வலது பக்கம் கொடுக்கவேண்டியவை. ஒவ்வொன்றையும் 30, 60, 90 நாள் என்று பிரித்துக் கூட்ட வேண்டும். இரண்டு பக்கத்துச் சராசரி நாளும் ஒத்துப்போகாவிட்டால் பையில் இரண்டு கல் இருக்கிறது.

தண்டல் கணக்கையும் போர்டில் போட்டார்கள். 10,000 கடன், பிடித்தம் போகக் கையில் 8,500, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். ‘ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். ‘நூத்துக்கு மூணு வட்டி’ என்றால்கூட 36தான். ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்காதே என்கிற யாத்திராகமம் 22:25ஐயும், காசுக்காரரிடம் போட்டு வட்டியோடு வாங்கியிருப்பேனே என்கிற மத்தேயு 25:27ஐயும் ஒன்றாக வைத்து, வயிற்றுக்கு வாங்கும் கடன் வேறு, முதலுக்கு வாங்கும் கடன் வேறு என்று பிரித்தது தெளிவாக இருந்தது. ஜாமீன் பற்றி நீதிமொழிகள் 6 சொல்வதோடு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவையும் சேர்த்தார்கள்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். வங்கி முதலில் கடன் வாங்கிய மச்சானைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நோட்டில் இரண்டு பிழை, அடுத்த அச்சில் திருத்த வேண்டும். முதலாவது, 45 நாளில் பணம் வரவேண்டும் என்ற விதி எல்லா வியாபாரிக்கும் என்று அச்சாகியிருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேவையும் செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45க்கு மேல் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாங்கி விற்கிறவர்கள் உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருந்தாலும் இதைக் கேட்க முடியாது, அவர்களுக்கு அது வங்கி முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். இரண்டாவது, அதே மத்தேயு 25 உவமையில் வரும் தாலந்து என்றால் திறமை என்று போட்டிருக்கிறது. அது எடை. ஒரு தாலந்து வெள்ளி சுமார் 6,000 நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 20 வருஷச் சம்பாத்தியம். ஒரு தாலந்து வாங்கியவனுக்குக் கிடைத்தது சில்லறை அல்ல, ஒரு பட்டறை தொடங்கும் முதல். இதைச் சொல்லியிருந்தால் உவமையே வேறு சூட்டில் இறங்கியிருக்கும்.

ஐந்தாம் வாரம் வெளியூர்ப் பேச்சாளர். தினம் கல்லாவைத் திறந்ததும் பத்தில் ஒன்றை எடுத்துவையுங்கள், நூறு மடங்கு வரும் என்றார். மொத்த வியாபாரத்தில் ஒரு லட்சம் விற்றால் நிற்பது இரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டால்கூட, கல்லாவில் பத்தில் ஒன்று பத்தாயிரம். அன்றைக்கே கடையின் முதல் கரைய ஆரம்பிக்கும். கல்லாவில் இருப்பதில் ஒரு பகுதி ஜிஎஸ்டி, அது இராயனுக்குரியது, அதாவது அரசின் பணம். இன்னொரு பகுதி சரக்கு கொடுத்தவரின் பணம். அதை எடுத்துக் காணிக்கை போடுவது தானமே அல்ல. தசமபாகம் கொடுக்க விரும்புகிறவர்கள் மாதம் ஒருமுறை கணக்கு முடித்து, கூலி, கடன், வரி போக நிற்கிற லாபத்தில் கொடுக்கலாம். நான்கு வாரம் ஒரே நிறைகல் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, ஆண்டவரிடம் மட்டும் சின்னக் கல்லால் நிறுத்துக் கொடுத்துப் பெரிய கல்லால் வாங்கிக்கொள்ளச் சொல்லும் பேச்சை எப்படி உள்ளே விட்டார்கள் என்று தெரியவில்லை. இந்த வாரத்துக்குப் போகாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

ஆறாம் வாரம் காலை ஏழு மணிக்கு வேன். இருபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் நிறுக்கும் இடத்தில் நின்றே பாடம். கூடைக்குக் கழிவு என்று கண்மதிப்பாக அரைக் கிலோ தள்ளினால், 40 பேர், நாளைக்கு இரண்டு எடை, 40 கிலோ பழம் கூலி இல்லாமல் பறித்ததாக ஆகிறது. ஒவ்வொரு கூடையையும் காலியாக நிறுத்துப் பிரம்பில் எடையைப் பெயிண்டால் எழுதிவைத்தால் தீர்ந்தது. மழையில் நனைந்த கூடைக்கு மட்டும் மறுபடி நிறுக்க வேண்டும்.

அங்கே வந்த ஒரு கேள்விதான் ஆறு வாரத்தில் மிகச் சிறந்தது. திராட்சைத் தோட்டத்தில் சிந்தினதைப் பொறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19:10. காபியில் சிந்தின பழத்தை விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதில் குடியிருந்து அடுத்த வருஷக் காய்க்கு ஏறும். 1990இல் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதலில் தென்பட்ட பூச்சி அது, தரையைச் சுத்தமாகப் பொறுக்குவதுதான் அதற்கு முதல் மருந்து. அப்படியானால் வசனத்தை என்ன செய்வது? சிந்தினதைப் பொறுக்க வேண்டும், ஆனால் பொறுக்கினது பொறுக்கினவருக்கு என்று தீர்த்தார்கள். வெந்நீரில் முக்கிப் பூச்சியைக் கொன்று உலர்த்தியபின், எஸ்டேட்டே அதைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கட்டளையையும் தோட்டத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் இந்த மாதிரிப் பதில் ஐந்தாம் வாரப் பேச்சாளரிடமிருந்து வந்திருக்காது.

சேருகிறவர்களுக்கு: முதல் வாரத்துக்குச் சொந்தக் கடைத் தராசைக் கொண்டுபோகலாம், சோதித்துத் தருகிறார்கள். வண்டியில் வைக்கும்போது தட்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள், தராசைப் படுக்கவைக்காதீர்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள், முத்திரைக் கம்பி அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்துக்கு மூன்று மாதப் பற்று வரவு நோட்டு வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தை ஐந்து மணிக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.